திடலில் போட்ட பெரட்டு

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு நான் 'பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். நீ ஒன்றும் தப்பாகக் கேட்கவில்லை. கல்யாணம் முடிந்ததும் தோட்டத்து வீட்டைப் பூட்டிவிட்டு ஈப்போவுக்கு வந்துவிடுங்கள் அம்மா, கீழ் அறைக்குச் சாயம் அடித்தாயிற்று, இனியும் அந்தத் திடலில் குனிந்து முதுகை ஒடித்துக்கொள்ள வேண்டாம் என்றாய். போனிலேயே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் எனக்கு இரண்டாவது நிமிடத்தில் கோபம் வரும், உடனே நீ வாயை மூடிக்கொள்வாய். உன் அப்பாவும் அப்படித்தான். நான் கத்துவேன், அவர் சும்மா இருப்பார், கடைசியில் யாருக்கும் எதுவும் விளங்கியிருக்காது. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்ற கை இது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். புவனாவிடமும் கொடு, அவளும் படிக்கட்டும். கட்டிக்கொள்ளப் போகிறவளுக்கு மாமியாரைப் பற்றி முன்னாலேயே தெரிந்திருப்பது நல்லதுதான்.

முதலில் கெட்ட செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நாம் கீரை போட்ட பந்துத் திடலில் பாதி போய்விட்டது. ஆற்றுப் பக்கத்துக் கோல் கம்பத்திலிருந்து நடுக்கோடு வரைக்கும் எண்ணெய்ச் செம்பனைக் கன்று நட்டுவிட்டார்கள். நீ கல்யாண வேலையில் அலைகிறாய் என்று சொல்லாமல் இருந்தேன். தோட்டத்துக் கம்பெனிக்காரன்மீது எனக்கு எரிச்சல். பக்கத்து வீட்டுக்காரர்கள்மீது எரிச்சல். பன்றிமீதுகூட எரிச்சல். ஆனால் இவர்கள் எல்லோரையும்விட என்மீதுதான் அதிகம். பாதித் திடல் போனதற்குக் காரணம் நான். இதை யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அந்தத் திடல் எப்படித் தோட்டம் ஆனது என்பது உனக்கே தெரியும், முதல் பாத்தியை வெட்டியவன் நீதான். ஊரடங்கு போட்டு ரோட்டை அடைத்த சமயம் அது. ஈப்போவில் உன் கடையையும் மூடிவிட்டார்கள், பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டாய். கமுந்திங்கில் ஃபேக்டரிகள் நின்றுபோய் இருபத்திரண்டு வீட்டு ஆட்களும் வாசலிலேயே உட்கார்ந்திருந்தோம். காய்கறி லோரி வரவில்லை. முதல் வாரம் சார்டின் டின், இரண்டாவது வாரம் முட்டை, மூன்றாவது வாரம் வெறும் சோற்றில் ரசம். அப்போதுதான் நீ திடலைக் காட்டி, "பந்து அடிக்க யாரும் இல்ல, சும்மாதான கெடக்கு, கீரை போடலாம் லா" என்றாய். கம்பெனிக்காரர்களும் வாய்வார்த்தையாகச் சரி என்றார்கள். போடுகிறவரைக்கும் போடுங்கள், காடாக விட்டால் நாங்கள் கன்று வைத்துவிடுவோம், அவ்வளவுதான் பேச்சு. பீடோரில் இருக்கும் உன் மாமா விதையும் கோழி எருவும் எப்படியோ போலீஸ் தடுப்பைத் தாண்டி அனுப்பிவைத்தார். கோல் கம்பத்தில் பயத்தங்காய்க் கொடியை ஏற்றிவிட்டோம். பெனால்டி அடிக்கும் இடத்தில் மரவள்ளி.

அந்த முதல் அறுப்பு உனக்கு ஞாபகம் இருக்கிறதா? காங்கோங் கீரையும் கொஞ்சம் வெண்டைக்காயும்தான். கோயில் வாசலில் பாய் விரித்துக் கொட்டினோம். வந்தவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். யார் வெட்டினார்கள், யார் தண்ணீர் ஊற்றினார்கள், யார் வெறும் கையோடு வந்தார்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. இன்றைக்கு யோசித்தால் அதுதான் ஆச்சரியமாக இருக்கிறது, என் வாய் சும்மா இருந்தது.

பிறகு ரோட்டைத் திறந்தார்கள். நீ ஈப்போவுக்குப் போனாய். ஃபேக்டரி பஸ் திரும்பவும் வர ஆரம்பித்தது. திடலில் ஐம்பது பேர் நின்ற இடத்தில் பத்துப் பேர் நின்றோம். அதிலும் ஏழு பேருக்கு முட்டி வலி. மண்வெட்டி பிடிக்க ஆள் இல்லை, பை பிடிக்க மட்டும் ஊரே வந்தது. மாணிக்கத்தை உனக்குத் தெரியும், கடைசி வீட்டுக்காரன். அவன் ஒரு வாளித் தண்ணீர் தூக்கி நான் பார்த்ததில்லை. மரவள்ளி பிடுங்கும் அன்றைக்கு மட்டும் மோட்டார் சைக்கிளில் வந்து, "அக்கா, நல்லதா நாலு கெழங்கு பாத்துப் போடுங்க" என்பான். அரசியல் ஆட்கள் ஒருநாள் வந்து பேனர் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு ஸ்டிக்கர் ஒட்டிய மூன்று மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நாங்கள் கேட்டது தண்ணீர் பம்பு. காட்டுப்பன்றி வந்து ஒரே ராத்திரியில் சேப்பங்கிழங்குப் பாத்தியை உழுதுவிட்டுப் போனது, அதுவாவது வேலை செய்துவிட்டுத் தின்றது என்று நான் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள், மறுநாளும் யாரும் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. ரப்பர் பால்மரம் வெட்டிய காலத்துப் பெரட்டு உனக்குக் கதையாகத்தான் தெரியும். இருட்டு பிரியுமுன்னே எல்லோரும் வாளியும் கத்தியுமாகக் களத்தில் வந்து நிற்க வேண்டும். எங்களை மேய்க்கும் மண்டோர் புத்தகத்தைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். 'வந்தேன் ஐயா' என்றால் அன்றைக்கு உனக்கு ஒரு பேர் விழும், அதுதான் ஒரு நாள் கூலிக் கணக்கு. பிந்தி வந்தால் அரைப்பேர், அதுவும் மண்டோர் மனசு வைத்தால்தான். ரொம்பப் பிந்தினால் வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான். தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு வேலை என்றால் பெரட்டுதான், வேறு மாதிரி எங்களுக்குத் தெரியாது. நான் பள்ளிப்பிள்ளைகள் நோட்டு ஒன்று வாங்கிக் கோடு போட்டு, இருபத்திரண்டு வீட்டுப் பெயரையும் எழுதினேன். காலை ஆறரைக்குக் கோல் கம்பத்தடியில் பெரட்டு. ஒரு மணி நேரம் வேலை. வாரத்துக்கு நாலு பேர் விழுந்த வீட்டுக்கு மட்டும்தான் சனிக்கிழமை காய்கறிப் பங்கு. பிந்தி வந்தால் அரைப்பேர். நியாயம்தானே? எனக்கு அப்போது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி மனசுக்கு அப்படித்தான் படுகிறது.

ஆரம்பத்தில் அது வேலை செய்தது, அதையும் சொல்ல வேண்டும். இரண்டு மாதம் திடலில் முப்பது பேர் நின்றார்கள். மாணிக்கம்கூட மண்வெட்டி பிடித்தான். பாத்தி எல்லாம் கயிறு பிடித்ததுபோல நேராக இருந்தது. கத்தரிக்காய் அந்த மாதிரிக் காய்த்து நான் பார்த்ததில்லை. இங்கேதான் உன்னிடம் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும், தம்பி. காய்கறியைவிட எனக்குப் பிடித்தது பெயர் கூப்பிடுவது. அறுபது வயதுவரை வேலைக்குப் போன இடத்தில் எல்லாம் என் பெயரை மற்றவர்கள் கூப்பிட்டார்கள், நான் ஓடினேன். இப்போது நான் கூப்பிடுகிறேன், அவர்கள் ஓடி வருகிறார்கள். காலையில் எழுந்ததும் தேநீர்கூடக் குடிக்காமல் நோட்டை எடுப்பேன். ஒரு பெயரைக் கூப்பிட்டுப் பதில் வராவிட்டால் இரண்டாவது தரம் கூப்பிடமாட்டேன். எங்கள் பழைய மண்டோரும் அப்படித்தான்.

நீ கைப்பிள்ளையாக இருந்தபோது ஒரு நாள் உனக்குக் காய்ச்சல். ராத்திரி முழுக்க நீ அழுது, காலையில் ஆயாக்கொட்டகையில் உன்னை விட்டுவிட்டு நான் பெரட்டுக்கு ஓடினேன். மண்டோர் என் பெயரைக் கூப்பிட்டு முடித்து அடுத்த பெயருக்குப் போயிருந்தார். 'ஐயா, பிள்ளைக்குக் காய்ச்சல்' என்றேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. 'போ வீட்டுக்கு' என்றார். வழி நெடுக அழுதுகொண்டே திரும்பினேன். அந்த ஆள்மீது எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. ஆனாலும் பார், என்னிடம் ஒரு நோட்டு வந்ததும் நான் அவரைப் போலத்தான் ஆனேன். கஷ்டப்பட்டவளுக்குக் கஷ்டம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியவில்லை.

சரோஜாவைத்தான் சொல்ல வருகிறேன். நம் வரிசையில் ஐந்தாவது வீடு. கையுறை ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட். மூன்று பிள்ளைகள், படுத்த படுக்கையாக மாமியார், புருஷன் சிங்கப்பூருக்குப் போகிறேன் என்று போனவன் எங்கே இருக்கிறான் என்றே தெரியாது. அவள் பஸ் எட்டரைக்கு வந்து நிற்கும். பிள்ளைகள் பள்ளிக்குப் போய்விட்டார்களா என்று பார்த்து, மாமியாரைத் துடைத்துவிட்டு, ஒன்பது மணிக்கு மேல் தனியாகத் திடலுக்கு வந்து களை எடுப்பாள். கண் சிவந்திருக்கும். ஒரு மணி நேரம் எடுத்துவிட்டுப் போய்ப் படுப்பாள். நான் நிழலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே அவளுக்கு அரைப்பேர் போட்டேன். நாலு நாள் வந்தால் நாலு அரைப்பேர், மொத்தம் இரண்டு. நான்கு வாரம் அப்படியே போட்டேன். முதல் மூன்று வாரம் என் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து அவளுக்குக் கொடுத்தேன். நாலாவது வாரம் மாணிக்கம், "அக்கா, ஆளுக்கு ஒரு சட்டமா?" என்று கேட்டுவிட்டான். அவன் கேட்டதும் எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

அந்த நாலாவது சனிக்கிழமைதான் நீ புவனாவை முதல்முதலாக அழைத்துக்கொண்டு வந்தாய். நான் கோழிக் குழம்பு வைத்து மூடிவிட்டு, பங்கு பிரித்ததும் வருகிறேன், இரண்டு பேரும் திடலுக்கு வந்து பாருங்கள் என்று பெருமையாகக் கூப்பிட்டேன். கூடை கூடையாகக் காய். சுற்றி இருபது பேர். சரோஜா பஸ்ஸிலிருந்து இறங்கி ஃபேக்டரி சட்டையோடு நேராக வந்து பையை நீட்டினாள். நான் நோட்டைப் பார்த்தேன். எனக்குத் தெரியும், பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. ஆனாலும் பார்த்தேன்.

"இந்த வாரம் ஒனக்குப் பங்கு இல்ல. நாலு பேரு விழணும். ஒனக்கு ரெண்டுதான் விழுந்திருக்கு."

"அக்கா, வெண்டைக்காய்ப் பாத்தி முழுக்க நான்தான் களை எடுத்தேன். நீங்களே பாத்துக்கிட்டுத்தான உக்காந்திருந்தீங்க?"

"பாத்தேன். பெரட்டுக்கு வந்தியா?"

அவள் பையை மடிக்கப் போனாள். அப்போது நீ குனிந்து நம் வீட்டுக் கூடையிலிருந்து கத்தரிக்காயை அள்ளி அவள் பையில் போட்டாய். நான் அந்தப் பையைப் பிடித்து இழுத்தேன். கத்தரிக்காய் எல்லாம் தரையில் உருண்டது. 'இங்க மண்டோர் நானா, நீயா?' என்று நான் கேட்டேன். என் வாயால் அந்தச் சொல்லைச் சொன்னேன், தம்பி. ஊர் முன்னால், நீ கட்டிக்கொள்ளப் போகிறவள் முன்னால். நீ மெதுவாகத்தான் சொன்னாய், "இது பால்காடு இல்லம்மா. சோறு." அப்புறம் புவனாவின் கையைப் பிடித்துக்கொண்டு காருக்குப் போய்விட்டாய். அவள் மட்டும் திரும்பி வந்து, உருண்ட காய்களைப் பொறுக்கிக் கூடையில் போட்டுவிட்டு, "போய்ட்டு வாரேன் அத்தை" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. சரோஜா அதற்குள் வீட்டுக்குப் போய்விட்டாள். குழம்பை அன்றைக்கு நான் தொடவில்லை.

உன்னிடம் நாலு மாதம் பேசாமல் இருந்தது என் பிடிவாதம். கல்யாணத் தேதி குறித்துவிட்டு நீதான் முதலில் போன் செய்தாய். அந்த நாலு மாதத்தில் இங்கே நடந்தது உனக்குத் தெரியாது. அடுத்த திங்கட்கிழமை பெரட்டில் சரோஜா பெயரைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. அவளோடு பஸ்ஸில் போகிற மூன்று பேருக்கும் பதில் இல்லை. அப்புறம் அவர்கள் பக்கத்து வீடுகள். என்னோடு நின்று, 'சட்டம்னா சட்டம்தான்' என்று தலையாட்டியவர்கள்கூட ஒவ்வொருவராக நின்றார்கள். மாணிக்கம்தான் முதலில் நின்றான், அதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு நாள் காலை நான் இருபத்திரண்டு பெயர் கூப்பிட்டேன், மூன்று கிழவிகள் பதில் சொன்னோம். அதில் ஒருத்தி நான்.

மழை பெய்தால் லாலாங் புல்லுக்குச் சொல்லவா வேண்டும்? தைப்பிங் பக்கத்து மழை உனக்குத் தெரியாததா? ஆற்றுப் பக்கத்துப் பாத்திகள் ஒரே மாதத்தில் இடுப்பளவுக்கு மூடிவிட்டன. கம்பெனி சூப்பர்வைசர் வந்து சிவப்புச் சாயம் அடித்த குச்சிகளை வரிசையாக நட்டான். நம் ஆள்தான், உன் வயசுதான் இருக்கும். "ஆன்ட்டி, நீங்க போட்டா நாங்க கைய வைக்கல. சும்மா கெடந்தா மேல கேக்குறாங்க லா. அடுத்த மாசம் கன்னு வந்துரும்" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான், அதனால் திட்டவும் முடியவில்லை.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? சரோஜா வீட்டுக்குப் போயிருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? வீடு வீடாகப் போய்த் திட்டினேன். 'கடையில வாங்கித் தின்ன ஒங்களுக்கு வக்கு இருக்கா? நாளைக்கு இங்க செம்பனை வந்தா அத அவிச்சுத் தின்பீங்களா?' என்று கேட்டேன். எல்லோரும் நல்லபடியாக உட்காரச் சொல்லி, மைலோ கலந்து கொடுத்து, ஆளுக்கொரு காரணம் சொல்லி அனுப்பினார்கள். ஒருத்திக்கு ஓவர்டைம், ஒருத்தனுக்கு இடுப்பு, ஒருத்தருக்குச் சாமி காரியம். யாரும் உண்மையைச் சொல்லவில்லை. மூன்று வாரம் இப்படியே போனது. ஐந்தாவது வீட்டை மட்டும் ஒவ்வொரு தடவையும் தாண்டிக்கொண்டு போனேன்.

கடைசியில் ஒரு நாள் சாயங்காலம் நாலு மணிக்கு, அவள் தூங்கி எழுந்திருப்பாள் என்று கணக்குப் போட்டுப் போனேன். மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். மூன்று பிள்ளைகளும் தரையில் உட்கார்ந்து சோற்றில் பொரித்த முட்டையும் கறுப்புச் சோயா கிச்சாப்பும் பிசைந்து தின்றார்கள். வாங்கக்கா, உட்காருங்கள் என்றாள். நான் உட்காரவில்லை. அன்றைக்கு நான் செய்தது தப்பு என்று சொன்னேன். எத்தனை தரம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன் தெரியுமா, ஆனாலும் வாயிலிருந்து வரும்போது கோபமாகத்தான் வந்தது, ஏதோ அவள் தப்பு செய்ததுபோல.

அவள் கஞ்சி ஊட்டுவதை நிறுத்தவில்லை. "கீரை வேணாம்னு நான் சொல்லல அக்கா. மூணு நாளா இதுங்க இதத்தான் தின்னுதுங்க. ஆனா அங்க நின்னு என் பேர நீங்க கூப்புடுறதையும் கூப்புடாததையும் என்னால கேக்க முடியாது. ஃபேக்டரியில ஒருத்தன் கூப்புடுறான், அது போதும்."

"சரி. அப்ப எத்தன மணிக்கு வருவ?"

அவள் சிரித்துவிட்டாள். "பாத்தீங்களா? மறுபடியும் கேக்குறீங்க." அப்புறம் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். "முடிஞ்சா வாரேன். முடியலன்னா வரமாட்டேன். ஆனா பிள்ளைங்களுக்கு இல்லன்னா வந்து பறிப்பேன். இதுக்கு ஒத்துக்கிட்டீங்கன்னா பாக்கலாம்."

வெளியே வரும்போது எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உன்னிடம் என்ன மறைக்க, மன்னிப்புக் கேட்கப் போனவளுக்குத் திரும்பிப் போய் அவளை நாலு வார்த்தை கேட்கலாமா என்றிருந்தது. இது என்ன நியாயம் தம்பி? நான் காலையிலிருந்து குனிந்து வேலை செய்வேன், இன்னொருத்தி பையோடு வந்து பறித்துக்கொண்டு போவாளா? மாணிக்கம் மாதிரி ஆட்களுக்கு இது கல்யாண விருந்து அல்லவா? இப்போதும் எனக்கு இதற்குப் பதில் தெரியாது. ஆனால் அந்தக் கிச்சாப் சோறு கண்ணை விட்டுப் போகவில்லை. நாங்கள் பாத்தி வெட்டியது யார் ஒழுங்காக வருகிறார்கள் என்று பார்ப்பதற்கு இல்லை, வீட்டில் ஒன்றும் இல்லாத அன்றைக்குப் பிள்ளைகள் தின்பதற்கு. அந்த இருபத்திரண்டு வீட்டில் ஒன்றும் இல்லாத வீடு அதுதான். அந்த வீட்டைத்தான் நான் திருப்பி அனுப்பினேன்.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயிலில் எழுந்து நின்று சொன்னேன். இனிமேல் பெரட்டு கிடையாது, முடிந்தபோது வாருங்கள், தேவைப்பட்டதைப் பறித்துக்கொள்ளுங்கள் என்றேன். மாணிக்கம்தான் பின்னாலிருந்து, "அப்ப நான் வரலன்னாலும் மரவள்ளி உண்டா அக்கா?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு, உண்டு என்றேன்.

அதற்கப்புறம் ஆட்கள் வந்தார்கள், பழைய மாதிரி ஒன்றாக இல்லை. ஒருத்தி வேகாத வெயிலில் பன்னிரண்டு மணிக்கு வருகிறாள். இரண்டு பேர் நாலு மணி ஷிஃப்ட் முடிந்து சட்டைகூட மாற்றாமல் வருகிறார்கள். கோயில் பக்கத்துப் பாதியை எப்படியோ புல் இல்லாமல் ஆக்கிவிட்டோம். மற்றப் பாதிக்குக் கை வைக்குமுன் கன்று லோரி வந்துவிட்டது. சூப்பர்வைசர், "பாதி நின்னதே பெரிசு ஆன்ட்டி" என்றான். நான் சரோஜா வீட்டு வாசலை ஒரு மாதம் முன்னால் மிதித்திருந்தால் முழுத் திடலும் நின்றிருக்கும். தினமும் காலையில் அந்தக் கன்றுகளைப் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்கிறேன். மாணிக்கம் இன்னும் வேலை செய்யவில்லை, மரவள்ளி மட்டும் தவறாமல் எடுக்கிறான். சரோஜா முதல் நாள் வந்து, என் கண் முன்னால் காங்கோங் கீரையைப் பை நிறையப் பறித்துக்கொண்டு, மண்வெட்டியைத் தொடாமல் போனாள். என்னை ஒரு தரம் பார்த்தாள், நான் களை பிடுங்குவதுபோல் குனிந்துகொண்டேன். அடுத்த வாரம் ஒரு நாள் நான் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்து பார்த்தால் வெண்டைக்காய்ப் பாத்தி முழுக்க ஈரமாக இருந்தது. யார் ஊற்றினார்கள் என்று எனக்குத் தெரியவில்லை. விசாரிக்காமல் இருக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

இப்போது உன் அப்பாவைப் பற்றி ஒன்று. அவர் மர லோரி ஓட்டினார், எந்த நேரத்தில் வீடு வருவார் என்று அவருக்கே தெரியாது. நான் மத்தியானம் ஒரு மணிக்குச் சாப்பாடு என்று வைத்திருந்தேன். மூன்று மணிக்கு வந்தால், சோற்று நேரம் முடிந்துவிட்டது என்று சொல்லிப் பானையைக் கழுவிக் கவிழ்த்துவிடுவேன். வேலைக்குப் போகிறவளுக்கு மறுபடியும் அடுப்புப் பற்றவைக்க முடியாது என்பது என் நியாயம். அவர் மறுபேச்சுப் பேசாமல் சாலையோரக் கடையில் ரொட்டி தின்று டீ குடித்துவிட்டு வருவார். அவர் வயிற்று வலியோடு கிடந்த கடைசி வருடத்தில், 'நேரத்துக்குச் சாப்பிட்டிருக்கலாம் நீங்கள்' என்று அவரையே குறை சொன்னேன். ஒரு தட்டுச் சோற்றை மூடி வைத்திருந்தால் எனக்கு என்ன குறைந்திருக்கும்? நோட்டு வாங்கியது போன வருடம்தான், ஆனால் என் வீட்டில் பெரட்டு முப்பது வருடமாக நடந்திருக்கிறது.

புவனாவுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. அவளுக்கும் ராத்திரி வேலை வரும், காலையில் கண் சிவந்து வருவாள். அவள் எத்தனை நாள் சமைத்தாள், நீ எத்தனை நாள் துணி மடித்தாய் என்று இரண்டு பேரும் மனசுக்குள் எண்ணத் தொடங்காதீர்கள். எண்ணினால் எப்போதும் நீ அதிகம் செய்ததாகத்தான் வரும். நான் எண்ணிய ஒரு நாளும் எனக்குக் குறைவாக வந்ததில்லை. சோறு இருந்தால் மூடி வை. எப்போது வருவாய் என்று கேட்காதே. அவள் தூங்கினால் தூங்கட்டும். அந்தச் சனிக்கிழமை நீ செய்தது சரி, நான் செய்தது தப்பு. இதைத்தான் நாலு மாதமாகச் சொல்ல முடியாமல் இருந்தேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். கல்யாணத்துக்கு முதல் நாளே வந்துவிடுவேன், பட்டுப்புடவை எடுத்தாயிற்று. ஆனால் தங்கமாட்டேன். திடலுக்கு நான் இல்லாமல் ஆகாது என்பதற்காக இல்லை. நான் இல்லாத நாளில் அங்கே நன்றாகத்தான் நடக்கிறது, அதுவும் எனக்கு வருத்தம்தான். காரணம் வேறு. என்னைப் பற்றி எனக்குத் தெரியும். உன் வீட்டில் முதல் மாதம் நல்லபடியாக இருப்பேன். இரண்டாவது மாதம், அந்தப் பெண் ராத்திரி வேலை முடிந்து பத்து மணி தாண்டியும் தூங்கும்போது, அடுப்படியில் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். மூன்றாவது மாதம் வாயைத் திறப்பேன். நீ நடுவில் நின்று உன் அப்பா மாதிரி ஒன்றும் பேசாமல் வெளியே போய் ரொட்டி தின்பாய். எனக்கு அது வேண்டாம்.

அந்த அறையை யாருக்கும் வாடகைக்கு விடாதே. இங்கே நான் வாயை மூடிக்கொண்டிருக்கப் பழகுகிறேன். தினமும் யாராவது பிந்தி வருகிறார்கள், யாராவது வேலை செய்யாமல் பறிக்கிறார்கள், ஒவ்வொரு நாளும் தொண்டைவரை வருகிறது, விழுங்குகிறேன். நான் சரியாகிவிட்டேன் என்று நானே சொன்னால் நம்பாதே. ஒரு வருடம் கழித்து வந்து சரோஜாவிடம் கேள். அவள் சரி என்று சொன்னால் என்னை வந்து கூட்டிக்கொண்டு போ.

அம்மா